பரிசல் வரிசைக்கு நீ எழுதிய கமெண்ட்

உன் லேப்டாப்பைத் திறந்தால் இன்னும் மீன் வறுவல் வாசம் அடிக்கிறது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நானும் துடைக்காத நாளில்லை, அந்த மசாலா மட்டும் விசைகளின் இடுக்கை விட்டு வருவதாயில்லை. ஒகேனக்கல் மீன் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கையால் வறுவலைப் பிய்த்துக்கொண்டே இன்னொரு கையால் நிரல் எழுதிய ஒரே ஆள் நம் ஜில்லாவில் நீயாகத்தான் இருக்க வேண்டும். "கையைத் துடைச்சிட்டுத் தொடுடி" என்று நான் கத்துவேன். "பரிசல்காரங்களுக்கு எழுதற புரோகிராம், கொஞ்சம் மீன் வாசம் இருந்தா தப்பில்ல" என்பாய்.

போன மாதம் அதைத் திறந்தே ஆக வேண்டியிருந்தது. பரிசல் சங்கச் செயலாளர் மாதையன் அண்ணன் போன் செய்தார். நீ இருந்தவரை அவர் என்னோடு பேசியதே இல்லை. சங்கத்துக்கான நிரல் முழுக்க உன் வேலை. நான் பள்ளிக்கூட வேன், மருந்துக்கடை என்று மற்றவர்களுக்கான நிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, பெங்களூர் கம்பெனிக்காரங்க நம்ம பரிசல் துறைக்குப் புதுசா ஆப் போடறாங்களாம். டர்ன் எப்படி விடறீங்க, ரூல்ஸ் என்னா, எல்லாத்தியும் பேப்பர்ல குடுங்கன்றாங்க. பேப்பர்ல இல்லாதது ஆப்ல இருக்காதாம். எங்களுக்கு அதெல்லாம் கோர்வையா சொல்ல வராது. அந்தப் பொண்ணு எழுதி வெச்சிருக்கும்ல?"

"வெச்சிருக்கும்ங்கண்ணா" என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். நீ பேப்பரில் எழுதி நான் பார்த்ததே இல்லையே. தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், செல்போன் கடைக்கு மேலே, நாம் பெருமையாக ஆபீஸ் என்று சொல்லிக்கொண்ட அந்த ஒற்றை அறையில் பேனா தேடினால்கூடக் கிடைக்காது.

உன் நிரல் செய்கிற வேலை சின்னதுதான். அடுத்து எந்தப் பரிசல் ஆற்றில் இறங்க வேண்டும் என்று சொல்லும். துறையில் மாட்டியிருக்கிற திரையில் பெயர்கள் வரிசையாக ஓடும். பெயர் இருப்பவர் சவாரி ஏற்றலாம், இல்லாதவர் ஏற்ற முடியாது. ஆனால் அந்த வரிசைக்குள் எத்தனை விவகாரம்! தண்ணீர் கூடித் தடை போட்டால் அன்றைக்கு முறை வந்தவர் கதி என்ன, வீட்டில் சாவு விழுந்தவருக்கு என்ன, பரிசல் அடி கிழிந்தவருக்கு என்ன? ஒவ்வொன்றுக்கும் அவர்கள் சண்டை போட்டுப் பேசி ஒரு முடிவு வைத்திருந்தார்கள். அந்த முடிவுகள் எழுத்தில் இருந்தது ஓர் இடத்தில்தான். ரூபி என்ற நிரல்மொழியில் நீ எழுதிய கோப்பில், மெத்தட் என்கிற ஒவ்வொரு நிரல்துண்டுக்கும் தலைமேல், மனிதர் படிக்க மட்டும் எழுதுகிற, கணினி படிக்காமல் தாண்டிப் போகிற கமெண்டுகளில்.

இந்தக் கமெண்டுகளுக்காக நாம் போட்ட சண்டை கொஞ்சமா? நான் ஒரு வரி கமெண்ட் எழுத மாட்டேன். "என் புரோகிராம் கோடு கண்ணாடி மாதிரிடி, பார்த்தாலே தெரியும்" என்பேன். "கண்ணாடியில உன் மூஞ்சிதான் தெரியும்" என்பாய். நீ செய்ததோ உலகத்தில் இல்லாத வழக்கம். எல்லோரும் நிரலை எழுதிவிட்டுப் பிறகு, மேலதிகாரி கேட்கிறாரே என்று, கமெண்டை ஒட்டவைப்பார்கள். நீ கமெண்டைத்தான் முதலில் எழுதுவாய். அதுவும் தமிழில். எழுதி முடித்து ஒருமுறை வாய்விட்டுப் படித்து, டீ குடித்துவிட்டு வந்துதான் கீழே நிரல். சில நேரம் கமெண்டுக்கும் நிரலுக்கும் நடுவில் இரண்டு நாள் ஓடிவிடும். "முதல்ல என்ன செய்யப்போறேன்னு வாயால சொல்லணும். அப்புறம் செஞ்சுதான ஆவணும்" என்பது உன் நியாயம். வேலை ஆமை மாதிரி நகர்கிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கமெண்டுகளைக் கோப்பிலிருந்து உருவிப் பக்கங்களாக அடுக்கித் தருவதற்கு ரூபியோடு ஒரு கருவியே வருகிறது. ஆர்டாக் என்று பெயர். உனக்குப் பிடித்த கருவி, நான் தொட்டதில்லை. அன்றைக்கு ஓட்டினேன். நூற்றுக்கு நூறு ஆவணம் ஆகிவிட்டது என்று திரையில் வந்தது. மகராசி, காப்பாற்றிவிட்டாய் என்று பக்கங்களைத் திறந்தால், திரையைத் திற, திரையை மூடு, பெயரைச் சேர். அவ்வளவுதான். ஒரு விதியைக்கூடக் காணோம். எனக்கு வந்த கோபத்தில் உன்னை என்ன சொல்லித் திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. கீழே செல்போன் கடைப் பையன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

திட்டி முடித்துவிட்டுக் கோப்பையே திறந்தேன். எல்லாம் இருந்தது. விதிகள் அத்தனையையும் 'பிரைவேட்' என்ற வரிக்குக் கீழே வைத்திருந்தாய். வெளியாள் தொடக் கூடாதது என்று அர்த்தம். கருவியும் மரியாதையாக அதைத் தொடாமல் விட்டிருக்கிறது. அதையும் சேர்த்துக் காட்டு என்று சொல்ல ஒரு சொல் போதும், போட்டேன். பக்கம் பக்கமாக வந்தது.

"தடை போட்ட நாளில் முறை வந்தவர், தடை நீங்கிய காலையில் முதல் ஆளாக இறங்குவார். ஆறு மூடியதற்கு ஆள் பொறுப்பில்லை." இப்படியேதான் எல்லாம். படிக்கப் படிக்க உன் குரலே கேட்டது. ஆனால் ஒன்று. கோப்பில் நீ என்னைக் கிண்டல் செய்து எழுதிய இடங்கள் எதுவும் பக்கங்களில் வரவில்லை. "இந்த இடம் அவளுக்குப் புரியாது, அதனால மெதுவா எழுதறேன்" என்கிற மாதிரியானவை. அவற்றுக்கு மட்டும் மேலும் கீழும் குறி போட்டுக் கருவியிடமிருந்து மறைத்திருந்தாய். ஊருக்கு முன்னால் என் மானத்தைக் காப்பாற்றிய கெட்டிக்காரி!

பக்கங்களைக் கம்பெனிக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் அங்கிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். நல்ல பையன், கன்னடம் கலந்த தமிழில் பொறுமையாகப் பேசினார்.

"மேடம், ஒரு ரூல்ல டவுட் இருக்கு. உடம்பு சரியில்லாதவங்க ரூல். டாக்குமெண்ட்ல ஒண்ணு இருக்கு, கோடு வேற செய்யுது."

எடுத்துப் பார்த்தேன். கமெண்டில் நீ எழுதியிருந்தது இது: "நோயில் படுத்தவர் பெயர் வரிசையில் நின்ற இடத்திலேயே நிற்கும். அவர் கைகாட்டுகிற ஆள் அவர் பரிசலை ஓட்டலாம். எத்தனை நாள் என்று கேட்கக் கூடாது." அதற்குக் கீழே இருந்த நிரலோ, இரண்டு மாதம் தாண்டினால் பெயரை எடுத்துவிடு என்றது.

"கமெண்ட் பழசா இருக்கும் மேடம். புரோகிராமை மாத்திட்டு கமெண்டை மாத்த மறந்திருப்பாங்க. எல்லா இடத்துலயும் நடக்கறதுதான். நாங்க ரெண்டு மாசம்னே போட்டுக்கறோம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. நம் தொழிலில் பாலபாடமே அதுதான்: கமெண்ட் பொய் சொல்லும், நிரல் சொல்லாது. பழைய மாற்றங்களின் பதிவையும் தேடினேன். நீ கடைசியாக முழுக் கோப்பையும் ஒரே மூட்டையாகச் சேமித்திருந்தாய். எது முன், எது பின் என்று அதில் தெரியவில்லை. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. எல்லோருக்கும் கமெண்ட் பழசாக இருக்கலாம். உனக்கு எப்படிப் பழசாகும்? நீ முதலில் எழுதுகிறவள் ஆயிற்றே. உன் கோப்பில் இரண்டும் முரண்பட்டால், கமெண்டுதான் புதுசு. நிரல்தான் இன்னும் வந்து சேரவில்லை.

அந்த மூட்டையை நீ சேமித்தது சேலம் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து. மொரப்பூரில் ரயிலேறி நான் உன்னைப் பார்க்க வந்துகொண்டிருந்த வாரங்கள் அவை. நீ அம்மி என்று கூப்பிடுகிற உன் அம்மா பிளாஸ்க்கில் டீ வைத்துக்கொண்டு காத்திருப்பார். நீ தலையணையை மடியில் போட்டு, அதன்மேல் இந்த லேப்டாப்பை வைத்திருப்பாய். "வேலை கெடக்குது, எத்தனை நாள்ல வருவே?" என்று ஒரு தடவை கேட்டேன். நீ சிரித்தாய். "டாக்டரும் அதத்தான் சொல்ல மாட்டேங்கறாரு. நீயும் கேக்காத" என்றாய். அதற்கப்புறம் நாம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, பள்ளிக்கூட வேன்காரர் செய்கிற அட்டூழியத்தைப் பேசிச் சிரித்தோம்.

இதையெல்லாம் போனில் சொல்ல முடியுமா? "ஒரு வாரம் பொறுங்க தம்பி, கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டு, அடுத்த நாள் ஒகேனக்கல் பஸ்ஸைப் பிடித்தேன்.

மாதையன் அண்ணன் துறையில் கவிழ்த்துப் போட்டிருந்த பரிசல் பக்கத்தில் நின்று தார் பூசுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் வேலையை நிறுத்தச் சொன்னார்.

"ரெண்டு மாசம் நாங்கதான் மொதல்ல சொன்னோம். அப்புறம் அந்தப் பொண்ணு கடைசியா வந்துச்சு பாரும்மா, தலையில துணி சுத்திக்கிட்டு, நடக்கவே முடியாம. அன்னிக்கு மீட்டிங்ல கேட்டுச்சு. 'ஏங்கண்ணா, நோயாளி என்ன லீவு போட்டுட்டா படுத்திருக்கான், ரெண்டு மாசத்துல எழுந்து வர்றதுக்கு?'ன்னுச்சு. எல்லாரும் கை தூக்கிட்டோம். நாளு கணக்கே வேணாம்னு முடிவாயிடுச்சு. அது மாத்திட்டுதான் போச்சுன்னு இத்தன நாளும் நெனைச்சிருந்தோம்."

"சொல்லி வெச்சிட்டுப் போயிட்டாங்கண்ணா. செய்ய நேரமில்லை" என்றேன்.

அவர் சங்கத்துப் பரிசல்காரர் சின்னசாமியின் விஷயத்தைச் சொன்னார். சின்னசாமி அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டு, தர்மபுரிக்கு டயாலிசிஸ் போய் வருகிறாராம். மச்சினன் அவர் பரிசலை ஓட்டி வீட்டைப் பார்த்துக்கொள்கிறான். படுத்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. நீ கமெண்டில் சத்தியம் செய்துவைத்திருக்க, உன் நிரலே அந்த வாரக் கடைசியில் அவர் பெயரை வரிசையிலிருந்து எடுத்திருக்கும். நான் கம்பெனித் தம்பிக்குச் சரி என்று சொல்லியிருந்தால் புது ஆப்பும் அதையேதான் செய்திருக்கும்.

உன் லேப்டாப்போடு அந்த மீன் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். நாளை எண்ணுகிற அந்த வரியை எடுத்தேன். எடுத்துவிட்டால் எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று சோதித்தேன், ஓடியது. ஆர்டாக்கை மறுபடி ஓட்டினேன். பழைய பக்கத்தையும் புதுப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை. உன் பக்கத்தில் திருத்த எதுவுமே இருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கடைக்காரம்மா மிளகாய் நெடி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

சாயங்காலம் சவாரி முடிந்ததும் சங்கத்துக்காரர்கள் கூடினார்கள். புது ஆப்புக்குப் போவதை எல்லோரும் ஒரு தடவை காதால் கேட்டுவிடட்டும் என்றார் மாதையன் அண்ணன். நான் உன் பக்கங்களைப் படித்தேன். தடை விதிக்கு ஒரே தலையாட்டல். கிழிந்த பரிசல் விதிக்குச் சின்னச் சண்டை. அடுத்து நோயாளி விதியைப் படித்தேன். பின்வரிசையில் நின்றிருந்த ஒரு அம்மா, சின்னசாமி அண்ணன் வீட்டுக்காரம்மாவாம், முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"அப்ப எங்க வூட்டுக்காரரு பேரு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"எவ்ளோ நாளைக்குங்க?"

"எத்தனை நாளுன்னு கேக்கக் கூடாதுங்க. ரூலே அதான்."

அந்த அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டு விட்டார். கம்பெனித் தம்பிக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "ஆப்ல எத்தனை நாள்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல ஒரு நம்பர் போட்டே ஆகணும் மேடம்" என்றார். "அப்ப கட்டத்தை எடுத்துடுங்க தம்பி" என்றேன். எடுத்துவிட்டார்.

இங்கே ஆபீஸில் வேலை குவிந்து கிடக்கிறது. எவ்வளவு நாளைக்குத்தான் தனியாக மல்லுக்கட்டுவாய், அவள் இடத்துக்கு ஓர் ஆளைப் போடு என்று உன் அம்மியே சொல்லிவிட்டார். போடத்தான் போகிறேன். கடத்தூரிலிருந்து ஒரு பெண் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறாள், சூட்டிகையாக இருக்கிறாள், அடுத்த மாதம் சேர்கிறாள். உன் நாற்காலியில்தான் உட்காருவாள், உன் லேப்டாப்பில்தான் வேலை செய்வாள். கதவில் ஒட்டியிருக்கிற பலகையில் நம் இரண்டு பேர் பெயருக்கும் கீழே அவள் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறேன். உன் பெயரை அழித்துவிடலாமா, ஆள் இல்லையே என்று பலகைக்காரர் கேட்டார். பரிசலை வேறு ஆள் ஓட்டலாம், பெயர் நின்ற இடத்திலேயே நிற்கும் என்று சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அழிக்காமல் விட்டுவிட்டுப் போனார்.