மண்ணீரல் ஜோசியம்

அக்டோபர் 6
இன்றும் வெயில். கனடாவின் சாஸ்காட்செவனில், அக்டோபரில், ஈ மொய்க்கிறது. லைலாக் செடி மறுபடி மொட்டு விட்டிருக்கிறது. குளிர் நம்மை மறந்துவிட்டதாம், ஊரே பல்லை இளிக்கிறது. மூளை கெட்ட ஜனங்கள்.

அக்டோபர் 9
பன்றி வெட்டினோம். என் கணவர் தாராஸின் அண்ணன் ஒனுஃப்ரி வழக்கம்போல மண்ணீரலைத் தூக்கிக்கொண்டு என் சமையல் மேஜைக்கு வந்துவிட்டார். இந்த வட்டாரத்தில் ரேடியோவை நம்ப மாட்டார்கள், பன்றி வயிற்றை நம்புவார்கள். மண்ணீரலில் பன்றியின் தலைப் பக்க முனை அக்டோபர், வால் பக்க முனை மார்ச். எங்கே தடிப்போ அந்த மாதம் பனி.

"ஆரம்பம் எவ்ளோ மெலிசு பாரு. கிறிஸ்துமஸ் வரைக்கும் பனியே கிடையாது."

"அப்ப மாடுங்க ஏரிக்கரையிலயே மேயட்டும்" என்றார் தாராஸ்.

மண்ணீரலைத் திருப்பி வைத்திருந்தார் மகா ஜோசியர். அறுத்து எடுத்தவள் நான், எனக்குத் தெரியாதா தலை எது வால் எது? நேராக வைத்தால் தடிப்பு அக்டோபரில். சொல்லவில்லை. எப்படி வைத்தாலும் குப்பை குப்பைதான். உள்ளுக்குள் சிரித்தபடி வெங்காயம் நறுக்கினேன்.

அக்டோபர் 13
ஏரிக்கரை பத்து மைல். நாற்பத்தோரு மாடுகள், ஒதுங்க ஒரு மரம் இல்லை. ஓட்டி வந்துவிடலாம் என்றேன்.

"அண்ணனவிட உனக்குத் தெரியுமா?"

"செத்த பன்னிக்குத் தெரியறது எனக்கு எங்க தெரியப்போவுது?"

மாடுகள் ஏரிக்கரையிலேயே இருக்கின்றன. எக்கேடோ கெடட்டும்.

அக்டோபர் 17
இன்னும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

அக்டோபர் 19
காலையில் மழை, மதியத்திலிருந்து பனி. காத்தா அது. எதிரே இருக்கிற கொட்டகை தெரியவில்லை. தாராஸ் இரண்டு முறை லாரியை எடுத்து, இரண்டு முறையும் திரும்பிவிட்டார்.

அக்டோபர் 22
ஏரிக்கரை வேலியோரம் மாடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. இருபத்தேழு. தாராஸ் ஒவ்வொன்றின் மூக்கிலும் கை வைத்துப் பார்த்தார். எதுக்குப் பாக்கணும்? செத்தது தெரியல? — நான் லாரிக்குள்ள போய் உக்காந்துட்டேன்.

அக்டோபர் 25
ஒனுஃப்ரி வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றாமல் அழுதார்.

"முப்பது வருஷமா தப்பினதில்ல. எங்க தப்பு பண்ணேன்னு தெரியலடா தம்பி."

என் வாய் சும்மா இருக்குமா? "திருப்பி வெச்சீங்க. வாலத் தலைன்னு பாத்தீங்க" என்றேன்.

அவர் அழுகை நின்றுவிட்டது. தாராஸ்தான் மெதுவாகக் கேட்டார்.

"நீ எப்ப பாத்தே?"

"வெட்டுன அன்னைக்கே."

தாராஸ் கோட்டை மாட்டிக்கொண்டு அண்ணனோடு கிளம்பினார்.

நவம்பர் 2
நல்ல வெயில். பனியெல்லாம் உருகி ஓடிவிட்டது. தாராஸ் இன்னும் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார்.