ஏழு என்று சொன்னீர்கள், மச்சான்

அன்புள்ள மச்சான்,

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். போனவரைக் குறை சொல்லக் கூடாது என்கிறாள் கமலா. உங்கள் தங்கை வேறு எப்படிச் சொல்வாள்? ஆனால் நம் கோல்ஃப் மைதானத்து அறிவிப்புப் பலகையில் செயலாளர் ஒரு தாளை ஒட்டியிருக்கிறார். வரும் ஞாயிறு உங்கள் நினைவாக ஒரு கோப்பை. அதில் உங்களைப் பற்றி, 'பழைய அயர்ன்களின் காலம் முடிந்துவிட்டது என்று நமக்கு நிரூபித்துக் காட்டியவர்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். செயலாளருக்குத்தான் அனுப்பப்போகிறேன். பலகையில் ஒட்டினால் எல்லோரும் படிக்கட்டும்.

புது உறுப்பினர்களும் படிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அயர்ன் என்பது இரும்பு முகம் வைத்த மட்டை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எண் கூடக்கூட முகம் அதிகமாகச் சாய்ந்திருக்கும். பந்து உயரமாக எழும்பி, பக்கத்திலேயே விழும். ஒரே தூரத்தை ஒருவர் ஆறாம் எண்ணிலும் இன்னொருவர் ஏழாம் எண்ணிலும் கடந்தால், ஏழுக்காரர்தான் பலசாலி. பந்து தாண்ட வேண்டிய அந்தக் குட்டைக்கு முன்னால் நின்று, அடிப்பதற்குமுன் மட்டையின் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் வழக்கம். யார் ஆரம்பித்தார்களோ. ஆண்பிள்ளைகளை அவமானப்படுத்த இதைவிட நல்ல வழி கிடையாது.

எண்பதுகளின் கடைசியில் நம் இருவருக்கும் நடுவே அந்தக் கோப்பையின் இறுதி ஆட்டம். நான் அப்பா காலத்து அயர்ன்களோடு வந்தேன். அடித்து உருவாக்கிய இரும்பு, கத்தி மாதிரி மெல்லியது. நீங்கள் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த புதுசோடு வந்தீர்கள். முதுகைக் குடைந்து எடையை ஓரங்களுக்குத் தள்ளிய தடியான சாமான். குட்டைக்கு வந்தபோது இருவரும் சமம். நீங்கள் "ஏழு" என்றீர்கள். பந்து குட்டையைத் தாண்டி, புல்லுக்குப் பதில் எண்ணெய் கலந்த மணல் பரப்பிய திட்டில், குழியின் கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது.

அந்த இடத்தில் எப்போதும் ஆறுதான் என் எண். பை தூக்கும் முனுசாமி ஆறை உருவி நீட்டினான்.

"ஏழு குடு" என்றேன்.

"அவரு இன்னா வேணா சொல்லிக்கினு போறாரு. நீ உன் ஆறை எடு சார். தண்ணி பக்கத்துல ரோசம் வேணாம்."

நான் "ஏழு" என்று உரக்கச் சொன்னேன். பந்து குட்டைக்குள் போனது. அந்த நேரம் பார்த்து தாம்பரம் போகும் மின்சார ரயில் கடந்ததால் அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. கேட்டது உங்கள் குரல்தான். "மாப்ளே, இரும்பும் ரிட்டையர் ஆகும். நீங்கதான் அதுக்கு எக்ஸ்டென்ஷன் குடுத்துக்கிட்டே இருக்கீங்க." எல்லோரும் சிரித்தார்கள். முனுசாமி கூட.

அதற்குப் பிறகு நம் வீட்டு விசேஷங்களில் நான் உங்களோடு பேசியதெல்லாம் "சாப்பிட்டீங்களா", "கார் எங்க நிறுத்தினீங்க". நீங்களும் அதற்குமேல் கேட்கவில்லை. என் குரோம்பேட்டைக்கும் உங்கள் சானடோரியத்துக்கும் நடுவே ஒரு ஸ்டேஷன்கூடக் கிடையாது. இருந்தும் நாம் வந்துபோகவில்லை.

காரியம் முடிந்து வீடு அமைதியான பிறகு நான் அக்கா என்றழைக்கும் உங்கள் மனைவி உங்கள் மட்டைப் பையை என்னிடம் கொடுத்தார். "வீட்ல வெச்சுப் பாத்துக்கிட்டு இருக்க முடியல தம்பி." நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இருப்பது உங்களுக்குத் தெரியும். பரிசோதனைப் பிரிவில் கோணமானி இருக்கிறது. உங்கள் ஏழாம் எண் மட்டையையும் என் அயர்ன்களையும் ஒரு மத்தியானம் கொண்டுபோய் அளந்தேன்.

உங்கள் ஏழின் சாய்வும் என் ஆறின் சாய்வும் ஒன்றுதான், மச்சான்.

ஆக, நீங்கள் அன்று அடித்தது ஆறு. மட்டையின் அடிப்பக்கத்தில் ஏழு என்று பொறித்திருந்தார்கள், அவ்வளவே. ஆறின் சாய்வில் ஏழு என்று குத்திவிட்டு, தூரம் கூடிவிட்டது என்று உலகம் முழுக்க விற்றிருக்கிறார்கள். உங்களுக்கு இது தெரியுமா? தெரிந்துதான் அவ்வளவு உரக்கச் சொன்னீர்களா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கோடையில் நம் செம்மண் சிமெண்ட் மாதிரி இறுகும்போது உங்கள் தடித்த அயர்ன் தரையில் மோதித் துள்ளுகிறது. அடித்துப் பார்த்தேன். என்னுடையது பந்துக்கு அடியில் சுத்தமாகப் புகுகிறது. தண்ணீர் பாய்ச்சி வளர்த்த புல்லுக்குச் செய்ததைத் தாம்பரத்துச் சரளையில் கொண்டுவந்து முன்னேற்றம் என்றால் எப்படி?

இதோடு நிறுத்தியிருப்பேன். அளந்து முடித்து எண்ணெய்த் துணியால் துடைக்கும்போது உங்கள் ஏழின் முகத்தைப் பார்த்தேன். என் அயர்ன்களில் நடுவே ஒரு காசளவு மட்டும் தேய்ந்திருக்கும். உங்களுடையதில் தேய்மானம் எங்கும் இருந்தது. நுனியில், அடியோரத்தில், பிடிப்பக்கம். நீங்களா இப்படி அடித்தீர்கள்? உங்கள் அடி சுத்தம் என்று பொறாமைப்பட்டவன் நான்.

அக்காவிடம் கேட்டேன்.

"புதுசு வாங்கினதே அதுக்குத்தான் தம்பி. சக்கரையில விரலெல்லாம் மரத்துப்போச்சு. பிடிச்சிருக்கோமா இல்லையான்னே தெரியலம்பாரு. பழசுல கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் பந்து செத்துப்போவுது, இதுல எங்க பட்டாலும் போவுதுன்னாரு."

"எப்பலேர்ந்து?"

"அந்தக் கோப்பை ஜெயிச்சாரே, அதுக்கு முன்னாலேர்ந்தே. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாரு. முக்கியமா மாப்ளைகிட்ட."

இதை எழுதலாமா என்று அக்காவிடமே கேட்டேன். "இனிமே என்ன தம்பி, எழுதுங்க" என்றார்.

முக்கியமாக என்னிடம். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? விட்டுக்கொடுத்திருப்பேன் என்று பயந்தீர்களா, குத்திக்காட்டுவேன் என்று பயந்தீர்களா? இரண்டுமே எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கின்றன.

சரி, செயலாளரின் வரிக்குப் பதில். புது அயர்ன் நல்ல அடியை மேலும் நல்லதாக்கவில்லை. தூரத்தைக் கூட்டவில்லை, எண்ணை மாற்றியது. ஆனால் தவறிய அடியைத் தண்ணீரில் விழாமல் கரைசேர்க்கிறது. நடுவில் அடிக்க முடிகிறவனுக்கு அது தேவையில்லை. விரல் மரத்துப்போன ஒருவரை இத்தனை வருடம் எங்களோடு ஆடவைத்தது அதுதான். அந்த அளவுக்கு அது முன்னேற்றம், ஒப்புக்கொள்கிறேன். என் பழசு அதைச் செய்திருக்காது. நீங்கள் சிரித்ததை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பையோடுதான் வருகிறேன். குட்டைக்கு முன்னால் நின்று உங்கள் ஏழாம் எண் மட்டையைக் கையில் எடுப்பேன். வழக்கப்படி எண்ணை உரக்கச் சொல்வேன்: "ஆறு." சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பந்து எங்கே பட்டாலும் போகும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

கீழே 'உங்கள் மாப்பிள்ளை' என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன். யார் எழுதியது என்று ஞாயிற்றுக்கிழமை குட்டைக் கரையில் தெரிந்துவிடும்.