பழைய போனில் உன் காலண்டர்

மொரப்பூர்
டிசம்பர் 7, ஞாயிறு

அன்புள்ள கலைமதிக்கு,

சித்தி எழுதுகிறேன். போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய், அதற்கு முதலில் மன்னித்துக்கொள். போனில் நமக்குள் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச்சு ஓடுவதில்லை. சாப்பிட்டியா என்பேன், சாப்பிட்டேன் சித்தி, நீங்க சாப்பிட்டீங்களா என்பாய், உடனே இரு அப்பாகிட்ட குடுக்கிறேன் என்று கொடுத்துவிடுவேன். இன்றைக்கு நான் சொல்ல வேண்டியது அந்த இரண்டு நிமிடத்துக்குள் அடங்காது, உன் குரலைக் கேட்டுக்கொண்டே சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். மழையிலும் ஆபீஸ் அலைச்சலிலும் நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும்.

அப்பாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை, மரவள்ளிக் காட்டுக்கு வண்டியில் போகாமல் நடந்தே போகிறார். கார்த்திகைக்கு வாசலெல்லாம் விளக்கு வைத்தோம், உன் அம்மா போட்டோவுக்கு முன்னால் வைக்கிற விளக்கை வழக்கம் போல அப்பாதான் ஏற்றினார், எண்ணெய் மட்டும் நான் ஊற்றினேன். சிவப்பு மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று, துள்ளித் துள்ளிக் கட்டுத்தறியை இரண்டு பண்ணுகிறது. கலை மாதிரியே ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது, அவ பேரையே வெச்சிடலாமா என்று அப்பா கேட்டார். அவ காதுக்குப் போனா நம்ம ரெண்டு பேரையும் சும்மா விடமாட்டா என்று தடுத்துவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ அப்பாவிடம் ஒன்று சொன்னாயாம். ஊரிலிருந்து யார் கூப்பிட்டாலும் வேலைக்கு நடுவிலதான் கூப்பிடுறாங்க, சித்தி மட்டும்தான் நேரம் பார்த்துக் கூப்பிடுறாங்க, எப்படித்தான் தெரியுதோ என்று. அதை அப்பா அடுப்படிக்கே வந்து என்னிடம் சொன்னார், அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்குத்தான் முகம் சுண்டிப்போனது, அடுப்பைக் குறைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். ஏனென்றால் எனக்கு எப்படித் தெரிகிறது என்பது எனக்குத்தான் தெரியும். கலை, உன் காலண்டர் என் போனில் இருக்கிறது.

நீ புதுப் போன் வாங்கியபோது பழையதை அப்பாவுக்கு என்று கொடுத்துவிட்டுப் போனாய். அவர் பட்டன் போனை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அது என்னிடம் வந்தது. உன் பெயரில் இருந்த அக்கவுண்ட்டை எடுக்க வேண்டும் என்று உனக்கும் தோன்றவில்லை, அப்படி ஒன்று உண்டு என்றே எனக்கும் தெரியாது. ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன், போன் டிங் என்றது, கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால் நாடகம், எழும்பூர், 6.30 என்று வந்திருந்தது. ஏதோ விளம்பரம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் விடியற்காலையில் மறுபடியும் டிங், மயிலாப்பூர் தெருக்கள் நடைப்பயணம், ஏஞ்சலினுடன் என்று இருந்தது. ஏஞ்சலின் உன்னோடு அறையில் இருக்கிற பெண் அல்லவா, இது உன் காலண்டர் என்று அப்போதுதான் புரிந்தது. அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி ஆறு மாதம் ஆகிவிட்டது. வேறு எதையும் நான் திறக்கவில்லை, உன் போட்டோவையோ மெயிலையோ தொடவில்லை, இதை மட்டும் நீ நம்ப வேண்டும். ஆனால் காலண்டரைத் தினமும் பார்த்தேன். அது டிங் என்று சொல்லாத நாளிலும் நானாகவே போய்ப் பார்த்தேன்.

ஒரு வாரத்துக்குள் இவ்வளவு நடக்கும் என்று நான் எங்கே கண்டேன். செவ்வாய்க்கிழமை ஆபீஸ் முடிந்ததும் ஓவியக் கண்காட்சி, வியாழக்கிழமை யாரோ புத்தகம் வெளியிடுகிறார்கள், சனிக்கிழமை நாடகம், ஞாயிற்றுக்கிழமை காலையில் அருங்காட்சியகத்தில் வெண்கலச் சிலைகள் பற்றிப் பேச்சு, சாயங்காலம் பரதம். ஒரு நாள் நாதஸ்வரக் கச்சேரி என்று போட்டிருந்தாய். அதே ஆறரை மணிக்கு நானும் யூடியூபில் ஒரு நாதஸ்வரத்தைப் போட்டு அடுப்படி ஜன்னலில் வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்தேன், நீயும் நானும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு நினைப்பு. காட்டிலிருந்து வந்த அப்பா வாசலிலேயே நின்று, யார் வூட்ல கல்யாணம் என்று கேட்டார். செப்டம்பரில் திரைப்பட விழா வந்தது, ஒரே நாளில் நான்கு படம், ஒன்று முடிந்து இருபது நிமிடத்தில் அடுத்தது, அதற்குள் இந்தப் பெண் எங்கே சாப்பிடும் என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டாவது படம் முடிகிற நேரம் பார்த்துக் கூப்பிட்டேன், நீ வடை தின்றுகொண்டே, எப்படி சித்தி கரெக்டா இப்ப கூப்பிடுறீங்க என்றாய். சும்மாதான் என்று சொன்னேன். அது சும்மா இல்லை.

இதில் இன்னொரு தப்பும் பண்ணிவிட்டேன், அதுதான் பெரியது. அப்பா தினமும் சாப்பிட உட்காரும்போது, கலை இன்னைக்கு எங்க இருப்பா என்று கேட்பார். கேட்பதற்கு வேறு ஆளில்லை, எனக்கும் பதில் தெரிந்திருக்கிறது, வாய் சும்மா இருக்கவில்லை. இன்னைக்கு பெசன்ட் நகர்ல பாட்டு கேட்கப் போறாளாம் என்று ஒரு நாள் சொன்னேன். போறாளாம் என்றால் நீ என்னிடம் சொன்னாய் என்றுதானே அர்த்தம், அவரும் அப்படியே எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தினமும் கேட்டார், தினமும் சொன்னேன். நீ தெருக்கூத்து பார்க்கப் போன அன்று உன் மாதம்மா அத்தையும் இங்கேதான் இருந்தார்கள், ஏழு மணியிலிருந்து எட்டரை வரைக்கும் என்று நான் சொன்னதும் சிரி சிரி என்று சிரித்துவிட்டார்கள். ஏன்டி அமுதா, நம்ம பக்கம் விடிய விடிய ஆடுவாங்க, ஒன்றரை மணி நேரம் கிரீடம் கட்டவே பத்தாதே, அப்புறம் எங்க ஆடுறது என்றார்கள். சிரித்து முடித்துவிட்டு, அது சரி, தினம் ஒரு பக்கம் சுத்துதே, அந்தப் புள்ளைய கேட்க ஆளில்லையா என்று ஆரம்பித்தார்கள். அதற்கு உன் அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவ சம்பாதிக்கறா, அவ பார்க்கறா, உனக்கென்னக்கா. எல்லாத்தையும் அவ சித்திகிட்ட ஒண்ணு விடாம சொல்லிட்டுத்தான் போறா." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார் பார், நான் மோர் எடுக்கிற சாக்கில் எழுந்துவிட்டேன். நான் இந்த வூட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நீ அப்போது பன்னிரண்டாம் வகுப்பு, மறு வருஷமே ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். நீயும் நானும் ஒட்ட வேண்டும் என்று அவர் ஒரு நாளும் வாய் விட்டுச் சொன்னதில்லை. ஆனால் இந்த ஆறு மாதமாக அவர் நிம்மதியாக இருப்பது இதனால்தான், அதுவும் நான் சொன்ன பொய்யால் என்று நினைத்தால் எனக்கு எப்படி இருக்கும்.

உன் காலண்டரில் பச்சை நிறத்தில் ஒரு கட்டம் உண்டு. ஊர், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. தீபாவளிக்கு ஒன்றரை நாள் வந்துவிட்டுப் போன பிறகு நவம்பர் பதினைந்தாம் தேதியில் அதைப் போட்டாய், அது இருபத்திரண்டுக்குப் போனது, இருபத்தொன்பதுக்குப் போனது, இப்போது டிசம்பரில் இடமே இல்லாமல் பொங்கலுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. இதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். எனக்கு அதில் வருத்தம் என்று நினைத்துவிடாதே. ஒவ்வொரு தடவையும் அதை நீ அழிக்காமல் தள்ளித்தானே வைக்கிறாய், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்தது. வர முடியாததற்கு நீ சங்கடப்பட வேண்டாம். உன் வயதில் எனக்கு அப்படி ஒரு மாதம் வாய்த்திருந்தால் நானும் ஊரை அடுத்த வாரத்துக்குத்தான் தள்ளியிருப்பேன்.

உன் வயதுக்கும் முன்னால் எனக்கு ஒன்று வாய்க்கத்தான் செய்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் வூட்டில் முதல் டிகிரி நான்தான். தருமபுரிக் கல்லூரியில் வரலாறு படித்தேன், மூன்று வருஷமும் கடைசி பெஞ்சு, பேர் கூப்பிட்டால் உள்ளேன் ஐயா என்பதோடு சரி. மூன்றாவது வருஷம் சென்னை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள், எங்கள் அப்பாவும் சரி போய்ட்டு வா என்றுவிட்டார், பேர் கொடுத்தேன், புளிச்சோறு கட்டிக்கொண்டு விடியற்காலையில் பஸ் நிற்கிற இடத்துக்கும் போய்விட்டேன். நாற்பத்தொரு பேர். எல்லாம் இரண்டு பேர் உட்காரும் சீட்டு, ஏறின எல்லோருக்கும் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தது. கடைசியில் நான் மட்டும் நின்றேன். என் பக்கத்துச் சீட்டு போகிற வழியெல்லாம் காலியாக இருக்குமே, எல்லோரும் பார்ப்பார்களே என்று ஒரு பயம். காய்ச்சல் மாதிரி இருக்குதுங்க என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அந்தப் புளிச்சோற்றை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து தின்றேன். நீ போன மாதம் போய்ப் பார்த்தாயே அதே வெண்கலச் சிலைகளைத்தான் நாங்கள் பார்ப்பதாக இருந்தது.

ஆனால் இப்போது நான் அந்த அளவுக்கு மோசமில்லை, அதற்கும் நீதான் காரணம். உன் காலண்டரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஒரு துணிச்சல் வந்தது. தருமபுரியில் புத்தகத் திருவிழா நடந்தபோது, நம் வூட்டுத் தினசரிக் காலண்டர் தாளில் பேனாவால் தருமபுரி, புத்தகம், 4.00 என்று எழுதினேன், எழுதிய பிறகு போகாமல் இருக்க முடியவில்லை. தனியாகத்தான் பஸ்ஸில் போனேன். ஒவ்வொரு கடையாகப் பார்த்தேன், கல்வெட்டுகள் பற்றி ஒரு சின்னப் புத்தகம் வாங்கினேன், மேடையில் ஒரு அம்மா பேசியதைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டுவிட்டு ஏழரை பஸ்ஸுக்குத் திரும்பினேன். பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது, பையை அதில் வைத்துக்கொண்டேன், யாரும் என்னைப் பார்க்கவில்லை. அந்தத் தாளைக் கிழித்து எறிய மனசில்லாமல் பீரோவுக்குள் வைத்திருக்கிறேன்.

கடைத்தெருவில் போன் ரிப்பேர் செய்கிறவரிடம் கேட்டுவிட்டேன், உன் அக்கவுண்ட்டை எடுப்பது இரண்டு நிமிட வேலையாம். வரும் வெள்ளிக்கிழமை எடுத்துவிடுகிறேன். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் உனக்குக் கிடைத்துவிட வேண்டும் என்பதற்காக நாளைக் காலையிலேயே தபாலில் சேர்க்கிறேன், உனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டு நல்லவள் போல இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. கோபம் வந்தால் திட்டிவிடு, அது நியாயம்தான். அப்பாவிடம் உண்மையை நானே சொல்லிவிடுகிறேன், நீ உன் வாயால் சொல்லி அவர் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டாம். அதற்கு மட்டும் சில நாள் பொறுத்துக்கொள்.

மற்றபடி நீ எதையும் குறைத்துக்கொள்ளாதே. யார் என்ன சொன்னாலும் போ, பார், கேள். ஏசி ஹாலுக்குப் போகும்போது ஒரு சால்வை எடுத்துக்கொள், போன தடவை சளி பிடித்தது அதனால்தான். இரண்டு கச்சேரிக்கு நடுவில் வடையோடு நிறுத்தாமல் ஏதாவது வயிற்றுக்குப் போடு, ராகி மாவு அனுப்புகிறேன், கூழாகக் கரைத்துக் குடிக்க ஐந்து நிமிடம் போதும். முடிந்து திரும்பும்போது கடைசி ரயில் வரைக்கும் காத்திருக்காமல் அதற்கு முந்தின ரயிலைப் பிடி. உன் கண்ணும் காதும் மனசும் நிறைகிற மாதிரி வருகிற வருஷமும் உனக்கு அமைய வேண்டும், நோய் நொடி எதுவும் உன்னை அண்டக்கூடாது, அம்மாவின் ஆசீர்வாதமும் கூடவே இருக்கும், அவர்கள் விளக்குக்கு முன்னால் நின்று நான் கேட்டுக்கொண்டதும் இதுதான். வங்கியில் கேட்ட ஆதார் நகலை அப்பாவுக்கு மறக்காமல் அனுப்பிவிடு.

இவ்வளவு எழுதியும் கேட்க நினைத்ததை இன்னும் கேட்கவில்லை. டிசம்பர் 27, சனிக்கிழமைக் கட்டத்தில் வீணைக் கச்சேரி, 6.00, டிக்கெட் 2 என்று போட்டிருந்தாய். போன புதன்கிழமை அதன் கீழே, ஏஞ்சலின் கிறிஸ்துமசுக்கு ஊருக்குப் போறா, 1 மிச்சம், யாருக்குக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தாய். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நீ அங்கே யார் பெயரை எழுதினாலும் எனக்குத் தெரியாது, நீயாகச் சொன்னால்தான் உண்டு. முந்தின நாள் ராத்திரி மொரப்பூரில் ரயில் ஏறினால் விடிவதற்குள் வந்துவிடுவேன், ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவேன். சமைத்துப் போடவோ உன் அறையைப் பார்க்கவோ வரவில்லை. அங்கே யாராவது கேட்டால் சித்தி என்றும் சொல்லலாம், ஊர்க்காரங்க என்றும் சொல்லலாம், எனக்கு எதுவானாலும் சரி. அந்தச் சீட்டு இன்னும் காலியாக இருந்தால், உன் பக்கத்தில் நான் உட்காரட்டுமா கலை?

உன் சித்தி,
அமுதவல்லி