இரண்டு கேன் கடல்

செகண்ட் ஷிஃப்ட் முடிந்து இன்னும் வீடு திரும்பாத என் அன்பு அப்பாவுக்கு,

இன்றைய காலைச் செய்தியை எழுத்தில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. செகண்ட் ஷிஃப்ட் வாரங்களில் நீங்கள் நிலக்கரி மைன்ஸிலிருந்து வரும்போது நான் தூங்கியிருப்பேன். ஹாலில், மற்ற வீடுகளில் டி.வி. இருக்கும் இடத்தில் நீங்கள் வைத்த கடல்தண்ணீர் மீன்தொட்டியிலும் விளக்கு அணைந்திருக்கும். நம் ராஸ் மீன்கள் இரண்டும் மணலுக்குள் புதைந்து தூங்கியிருக்கும். மறுநாள் ஸ்கூல் பஸ் வருவதற்குள், இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்பீர்கள்: "நியூஸ் ரீடர், நேத்து நம்ம ஆளுங்க இன்னா பண்ணாங்க?"

நான் ஒன்று விடாமல் சொல்வேன். ஆண் மீன் கல் இடுக்கில் புழு பிடித்தது. பெண் மீன் சாயங்காலம் ஒரே பாய்ச்சலில் மணலுக்குள் போனது, வால் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே தெரிந்தது. நீங்கள் வளர்த்த மீன்களை நீங்கள் பாதி நாள் என் வாயால்தான் பார்த்தீர்கள். அதனால்தான் நீங்கள் போன பிறகு நடந்தவையெல்லாம் சொல்லப்படாத செய்திகளாக என்னிடம் சேர்ந்துகிடக்கின்றன.

உங்களை எடுத்துக்கொண்டு போன அன்று பெண்கள் வீடு கழுவினார்கள். குள்ளஞ்சாவடி அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வூட்டுல புடிச்சி வெச்ச தண்ணி ஒரு சொட்டு இருக்கக்கூடாது. எல்லாத்தையும் கீழ ஊத்துங்கடி, தீட்டு" என்றாள். குடம், டிரம், பக்கெட் எல்லாம் கவிழ்ந்தன. சமையலறைக்குப் பின்னால், அடுத்த மாதம் தொட்டியில் மாற்றுவதற்கென்று நீங்கள் கடலூரிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த இரண்டு நீலக் கேன் கடல்தண்ணீரையும் யாரோ கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டார்கள். அந்த வாரமே செடி கருகிப்போனது. துக்க வீட்டில் செடிகூட வாடிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அது கடல் உப்பால் கருகியது என்று எனக்கு மட்டும் தெரியும்.

பிறகு சித்தி சொம்போடு தொட்டிக்கு வந்து, மேலே இருந்த வலைமூடியை எடுத்துக் கீழே வைத்தாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அத்த, இது கடல் தண்ணி. நெசமா கடல்."

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். விரலை உள்ளே நனைத்து நாக்கில் வைத்தாள். அழுது வீங்கிய முகம் ஒரு கணம் சுருங்கியது. "ஆமாண்டி, உப்புக் கரிக்குது. கடலுக்கு ஏது தீட்டு? வுடுங்க அத."

தொட்டி பிழைத்தது. ஆனால் வலைமூடியைத் திரும்பப் போட வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். ராஸ் மீன் மிரண்டால் மணலுக்குள் போகும், இல்லாவிட்டால் வெளியே குதிக்கும் என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! மறுநாள் ஆண் மீன் ஸ்டாண்டுக்குப் பின்னால் காய்ந்து கிடந்தது. அதைக் கறிவேப்பிலைச் செடியின் அடியில் புதைத்தேன்.

உங்கள் சாம்பலைக் கடலூரில் கரைத்துவிட்டு வந்த சித்தப்பா அம்மாவிடம் சொன்னார்: "அண்ணன் எப்பவும் தண்ணி எடுக்கற எடத்துலதான் கரைச்சோம் அண்ணி." அவர் ஆறுதலுக்காகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தால் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது நின்றுபோனது.

"உங்கப்பாவக் கரைச்ச தண்ணிய வூட்டுக்குள்ள கொண்டாந்து மீனுக்கு ஊத்தச் சொல்றியா?" என்றாள் அம்மா.

"பாண்டிச்சேரி பக்கத்துலேர்ந்து எடுத்தாரட்டா அண்ணி?" என்று சித்தப்பா கேட்டுப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே தண்ணிதான?"

அம்மா இப்படிக் கேட்டதும் சித்தப்பா கேன்களைத் திரும்பச் சமையலறைக்குப் பின்னால் வைத்துவிட்டார். நீங்களாக இருந்தால் அம்மாவிடம் என்ன சொல்லியிருப்பீர்கள் அப்பா?

நடுவே ஒரு நல்ல செய்தி. ஆண் மீன் போய்விட்டால் ராஸ் கூட்டத்தில் பெரிய பெண் மீன் ஆணாக மாறும் என்று லைப்ரரியில் படித்தேன். நம் தொட்டியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பெண் மீன்தான், அது மாறுமா என்று சந்தேகமாக இருந்தது. ஆனால் முதுகுத் துடுப்பில் கண்போல இருந்த கரும்புள்ளி மெல்ல மெல்ல மங்கியது. உடம்பின் பச்சை அடர்ந்து, அதில் ரோஜா நிறக் கோடுகள் ஏறின. உங்கள் வேலைக்குப் பதிலாக அம்மாவுக்கு ஆபீஸில் வேலை கிடைத்து, முதல் நாள் அவள் சேலையில் ஊக்குக் குத்திக்கொண்டிருந்தபோதுதான் இதைச் சொன்னேன்.

"அப்பிடியா? எனக்கு மீச கீச மொளைக்குதா, நல்லா பாரு" என்று முகத்தை நீட்டினாள்.

நீங்கள் போன பிறகு நாங்கள் முதல் முறையாகச் சிரித்தோம். உடனே ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல இருவரும் நிறுத்திக்கொண்டோம்.

என் வகுப்பு செல்வியைத் தெரியுமல்லவா, வடக்குத்து கிராமத்திலிருந்து வருகிறவள்? இந்த வருஷம் நம் மைன்ஸ் டவுன்ஷிப்புக்கு வெளியே ஓயாத கரண்ட் கட். "எங்க வூட்ல பரிட்சைக்குப் படிக்கக் கரண்டு இல்ல, உங்க வூட்ல மீனுக்கு நாள் பூரா மோட்டாரு ஓடுது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நீங்கள் வெட்டிய நிலக்கரியில் இவ்வளவு பக்கத்தில் கரண்ட் தயாராகிறது, டவுன்ஷிப் வேலிக்கு அந்தப் பக்கம் ஏன் இருட்டு? "சாயங்காலம் எங்க வூட்டுக்கு வந்து படிடி" என்று மட்டும் சொன்னேன். தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவள் கணக்குப் போடுகிறாள்.

அவள்தான் ஒருநாள் கேட்டாள்: "உன் மீன் எங்கடி?"

மீன் மணலை விட்டு வெளியே வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கல்லில் ஒட்டியிருந்த பொத்தான் பவளங்கள் எல்லாம் வாய் மூடிக்கொண்டன, கண்ணாடியில் பழுப்புப் பாசி படர்ந்தது. தண்ணீர் பழசாகிவிட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஆபீஸிலிருந்து வந்த அம்மா தோளில் பையோடு தொட்டிக்கு முன்னால் நின்றாள்.

"செத்துடுச்சா?"

"தெரியலம்மா. தோண்டிப் பாக்கக்கூடாது, மிரண்டுடும்னு அப்பா சொல்லியிருக்காரு."

"எத்தினி நாளு இப்பிடி மண்ண மூடிகினு உள்ளயே கெடக்கும்?" என்றாள். என்னைப் பார்த்துக் கேட்டது போல இல்லை. பிறகு பையைக் கழற்றாமலே, "அந்தக் கேனு ரெண்டையும் நல்லாக் கழுவி வை. நாயித்துக்கெழம போலாம்" என்றாள்.

பஸ்ஸில் குள்ளஞ்சாவடி வந்தபோது, "உங்கப்பா எங்க டீ குடிப்பாரு?" என்று கேட்டாள். உங்களோடு வந்த பழக்கத்தில் நான் கடையைக் காட்டினேன். பஸ் கிளம்பும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடற்கரையில், கரையோரத் தண்ணீர் கலங்கல், கொஞ்சம் உள்ளே போய்த்தான் எடுக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லித்தந்ததைச் சொன்னேன். நான் போகிறேன் என்றும் சொன்னேன். அம்மா செருப்பை என் கையில் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவளே இறங்கினாள். அலைக்குப் பயந்து ஒருநாளும் கால் நனைக்காத அம்மா முழங்கால் ஆழத்தில் போய் நின்றாள். கேனைச் சாய்க்கவில்லை. நான் பின்னாலேயே போனேன், அதனால் என் காதில் விழுந்தது.

"ஏங்க, ரெண்டு கேனு எடுத்துக்கறோம்."

உங்களைக் கூப்பிட வேறு பெயரே அவளிடம் இருந்ததில்லை. அடுத்த அலை வந்தது. கேனைச் சாய்த்தாள், நிறைந்தது. அப்பா, உங்களுக்குக் கேட்டதா?

தண்ணீரைத் தெளியவைத்து, நீங்கள் செய்வதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். அதன் பிறகும் மணல் அசையவில்லை. நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன் என்றே சொல்லலாம். இன்று காலை அம்மா என் போர்வையை இழுத்தாள்.

"நியூஸ் ரீடர், ஏந்திரு. உன் ஆளு வெளிய வந்துருக்கு, வந்து பாரு."

செதிலில் இரண்டு மணல் துணுக்குகள் ஒட்டியிருக்க, பசியோடு கல்லைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. நீங்கள் வைத்த பெயரால் அம்மா என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் முறை.

இதுதான் இன்றைய செய்தி. இனி வலைமூடி திறந்து கிடக்காது, அது என் பொறுப்பு. தண்ணீர் தீரும்போதெல்லாம் அதே இடத்துக்கு வருவோம். கேட்காமல் ஒரு சொட்டும் எடுக்க மாட்டோம்.

தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து எழுதும்,
உங்கள் மகள்
அபிநயா