காக்காவின் பெயர் எந்த அட்டையில்

2025 செப்டம்பர் 2, செவ்வாய்

பள்ளிவாசல் ஒன்றின் குடும்ப அட்டைகளைக் கணினிக்கு மாற்றும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. நிரலை ஏஐ மாடலே எழுதி ஓட்டும். எந்த மாடல், அதற்கு என்ன அறிவுறுத்தல் என்பது எங்கள் பாடு. எங்கள் மேலாளர் ஜவுபர் சேர் சொன்னார்: "ஆளுக்கொண்ட எடுத்து அமைச்சுக் காட்டுங்க. ஆருட நல்லமோ அவங்கதான் பொறுப்பு."

ஐந்து வருடமாக மற்றவர்களின் பிழையைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இந்தப் பொறுப்பு எனக்கு வேண்டும். வெட்கப்படாமல் எழுதி வைக்கிறேன்.

போட்டிக்கு நிற்பது அப்னா மதினி, என் அண்ணன் இஹ்ஸான் காக்காவின் மனைவி. இருவரும் வழக்கம்போல ஒரே ஓட்டோவில் திரும்பினோம்.

செப்டம்பர் 5

மதினி வேகமான மாடலை எடுத்துவிட்டார். நான் அதையும் ஓடவிட்டுப் பார்த்தேன். கல்யாணம் முடித்த பெண்ணைக் கேட்காமலே மாப்பிள்ளை வீட்டு அட்டையில் தூக்கிப் போட்டது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தானே, மாறிப் போகிறவர் மாப்பிள்ளை அல்லவா?

மெதுவான மாடலும் அதே பிழையைத்தான் செய்தது. ஆனால் ஒருமுறை சொன்னதும் பிடித்துக்கொண்டது. தெரியாத இடத்தில் நின்று கேட்டது. அதையே எடுத்தேன். காத்திருக்கப் பொறுமை வேண்டும், எனக்கு அது கிடையாது. பழகவேண்டியதுதான்.

செப்டம்பர் 11

அறிவுறுத்தல் கோப்பு பதினேழு விதிகளாகிவிட்டது. முதலாவது: கல்யாணம் முடித்த ஆண் மனைவி வீட்டு அட்டைக்கு மாறுவான். கடைசி: சந்தேகம் வந்தால் நீயாக முடிவெடுக்காதே, கேள்.

பள்ளிவாசலில் பதிவு எழுதுகிறவர் காக்காதான். சரிபார்க்க அவருக்கு மட்டும் அனுப்பினேன். வேடிக்கை என்னவென்றால், கல்யாணம் முடித்து நான்கு வருடமாகியும் அவர் பெயரே இன்னும் எங்கள் அட்டையில்தான். வாப்பா மவுத்தாகி இல்லாமல் போன வீட்டில் ஓர் ஆணின் பெயராவது இருந்திட்டுப் போகட்டும் என்று உம்மா வெட்ட விடவில்லை.

செப்டம்பர் 12

காக்கா மூன்று திருத்தம் சொன்னார். "பெரிய வேல செஞ்சிருக்காய் புள்ள" என்றார். நாள் முழுக்கச் சந்தோசம்.

செப்டம்பர் 18, வியாழன்

மதினி முதலில் காட்டினார். ஒரு பிழையும் இல்லை. நல்லது என்றுதான் நினைத்தேன். பிறகு தன் அறிவுறுத்தல் கோப்பைத் திரையில் போட்டார்.

பதினேழு விதிகள். என் வரிசை. ஒன்பதாவதின் முடிவில், "இதைக் காக்காவிடம் கேட்க வேண்டும்."

நான் எனக்காக எழுதி அழிக்க மறந்த வரி. புருஷனை யாராவது காக்கா என்பார்களா?

"ஆரு இந்தக் காக்கா?" என்றார் சேர்.

"பதிவு எழுதுறவர், சேர். எல்லாரும் அப்பிடித்தான் சொல்ற." கண் இமைக்காமல் சொன்னார் மதினி.

அடுத்து நான். என்னுடையதும் பிழையில்லாமல் ஓடியது, மெதுவாக. சேர் இரண்டு கோப்புகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்டாத்தான் இருக்கு. பாத்து எழுதினயா ஸம்றா?" என்று சிரித்தார்.

வாய் திறந்தால் காக்காவின் பெயரைச் சொல்ல வேண்டும். திரையை அணைத்துவிட்டு என் இடத்துக்குப் போனேன்.

செப்டம்பர் 19

அவர்கள் வீட்டு வாசலில் வைத்தே காக்காவைக் கேட்டேன். "ஓம், நான்தான் குடுத்தன். அவள் ரெண்டு நாளாச் சாப்பிடல்ல புள்ள. ஊட்டுக்குள்ளதானே" என்றார்.

எந்த ஊட்டுக்குள்ள? உங்கட ஊட்டுக்குள்ள. அப்ப நான் ஆரு? —கேட்கவில்லை, இங்கேதான் எழுதுகிறேன். மதினிமேல் இவ்வளவு எரியவில்லை. அவர் போட்டிக்காரர். நீங்க என்ட காக்கா. புள்ள புள்ள எண்டு சொல்லிக்கொண்டே குடுத்திட்டீங்களே.

செப்டம்பர் 22

மதினி பொறுப்பாளர். நான் பஸ்ஸில் வந்தேன்.

அக்டோபர் 8, புதன்

உண்மையான அட்டைகளை இன்று ஏற்றினோம். சரிபார்ப்பது என் வேலை. மாடல் கடகடவென்று ஓடி, ஓரிடத்தில் மட்டும் நின்றது. நான் எழுதிய கடைசி விதிப்படி கேட்டது: "இஹ்ஸான் திருமணமானவர். பெயர் தாய் வீட்டு அட்டையில் உள்ளது. மனைவி வீட்டு அட்டைக்கு மாற்றவா?"

பக்கத்து மேசையில் மதினி யாருடனோ போனில் கதைத்துக்கொண்டிருந்தார். நான் கொஞ்ச நேரம் உம்மாவை நினைத்துக்கொண்டு இருந்தேன்.

ஓம், மாற்று என்று கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உம்மா கேட்டார்: "காக்கா வெள்ளிக்கிழமை சோத்துக்கு வாறானாமா?" தெரியாது என்றேன். எங்கள் அட்டையில் இனி உம்மாவும் நானும்தான். அதை உம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.