அறுபது கிலோவுக்குள் இசக்கி

மாசி 22, வியாழன். வெயில்.

இதில் எழுதப்போவதை ஒருவனும் நம்பமாட்டான் என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்துவிட்டுத் தொடங்குகிறேன். வேலம்பாளையம் கபடி அணியின் கேப்டன், மேனேஜர், வைத்தியர், எல்லாம் நானே. பனியன் கம்பெனியில் அயர்ன் செக்‌ஷன் சூப்பர்வைசர். வயது 47, எடை 58. எலும்பும் திமிரும் மட்டும். மூக்கு பதினோரு முறை உடைந்தது. பாடி வந்த ஒருவன் காலை நான் பிடித்த பிடியில் அவனுக்குச் செருப்பு ஒரு சைஸ் குறைந்தது.

ஞாயிறு குன்னத்தூரில் ஆட்டம். அறுபது கிலோ எடைப் பிரிவு. நூறு கிராம் கூடினாலும் வெளியே.

செய்ய வேண்டியவை: பனியன் துவைக்க. வேன். முழங்கால் கட்டு. இசக்கி.

இசக்கி நம் இடது கார்னர். ஓவர்லாக் டைலர், தென்காசிப் பக்கம். சிரித்துக்கொண்டே கணுக்காலைப் பிடிப்பான். பேக்கிங்கில் அட்டைப்பெட்டி நிறுக்கும் தராசில் 63.

மாசி 24, சனி. புழுக்கம்.

துணி ரோல் வரும் பாலித்தீன் உறையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு இசக்கிக்கு மாட்டினேன். மேலே ஸ்வெட்டர். அயர்ன் ரூமில் ஆவிக்கு நடுவே கயிறு தாண்டல். நேற்றிலிருந்து சோறு இல்லை, தண்ணீர் இல்லை. நானெல்லாம் பாய்லருக்குள் மூன்று நாள் குடியிருந்தவன் என்றேன். வாடகை எவ்வளவு என்று கேட்டான்.

பிறகு தண்ணீர் கேட்டான். மறுபடி கேட்டான். மூன்றாம் முறை, "அண்ணாச்சி, ஒரு மொடக்கு. முழுங்க மாட்டேன், கொப்பளிச்சுத் துப்பிருதேன்."

உனக்குக் கொடுத்தால் நொய்யல் வற்றிவிடும் என்றேன். அவன் முன்னாலேயே பாட்டிலைக் காலி செய்தேன்.

மாலை 5 மணி: 60.6. காலைக்குள் இறங்கிவிடும்.

மாசி 25, ஞாயிறு. குன்னத்தூர்.

நடுவர் தராசில் இசக்கி 58.8. கம்பெனியில் 58 காட்டிய நான் ஏறினேன்: 56.9. நம் பேக்கிங் தராசு ஒரு கிலோ கூடக் காட்டியிருக்கிறது. ஒரு லிட்டர் குடித்திருக்கலாம் அவன்.

உடனே கொடுத்தேன். எல்லாம் வாந்தி. ஆட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

முதல் ஆட்டம், நான்காவது பிடி. பாடி வந்தவன் காலைப் பிடித்தபடி இசக்கி விழுந்தான், எழவில்லை. பிடியும் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். எங்களுக்கு ஒரு பாயிண்ட்.

மாசி 26, திங்கள். ஆஸ்பத்திரி.

சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. டயாலிசிஸ். இனி கபடி கிடையாது, தையல் மெஷினே சந்தேகம் என்கிறார் டாக்டர்.

அவன் மனைவி முத்துமாரி நேராக என்னிடம் வந்தாள். "ஏன் அண்ணாச்சி, அவுக தண்ணி கேக்கவே இல்லையா?"

இத்தனை வருடம் அளந்த வாய். டிரிப் பாட்டிலில் விழும் சொட்டுகளை எண்ணினேன்.

கட்டிலிலிருந்து இசக்கி, கண்ணைத் திறக்காமலே: "அண்ணாச்சி தந்தாக. நாந்தான் வேண்டாம்னுட்டேன்."

நம்பிவிட்டாள். "நீங்க காப்பி குடிச்சியளா அண்ணாச்சி?" என்றாள்.

மாசி 27, செவ்வாய்.

பையன்கள் வந்தார்கள். "மாமா, அடுத்த வாரம் அவிநாசிபாளையத்துல மேட்ச்சுங்க. இடது கார்னருக்கு யாருங்க?"

பேனாவோடு உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். மூக்கு உடைந்தது இரண்டு முறை, பதினொன்றை அடித்தேன். செருப்பு சைஸ், அடித்தேன். பாய்லர், அடித்தேன். என்னை ஒருவரும் தாகத்தோடு ஓடவிட்டதில்லை.

மூன்று முறை தண்ணீர் கேட்டான் என்ற இடத்தில் பேனா நின்றது. அது நிஜம்.