உன் தோளில் என் விரல்கள்

புதுக் கம்பெனி கேட்டிலும் போன் கேமரா மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். இன்று காலை ஒட்டும்போது உன் ஞாபகம் வந்துவிட்டது. ஷிப்ட் முடிந்ததும் எல்லோரும் அதைப் பிய்த்து எறிவார்கள். நீ மட்டும் என் நெற்றியில் ஒட்டிவிட்டு, "இனி உன்னையும் யாரும் படம் எடுக்க முடியாதுடி" என்று சிரிப்பாய்.

என் போன் அவன் வாங்கிக் கொடுத்தது. அதில் இருந்ததும் அவனுடைய ஜிமெயில்தான். 'புருஷன் அடித்தால் யாரிடம் சொல்வது' என்று ஒருநாள் அதில் தேடினேன். சாயங்காலம் சோறு போடும்போது, அந்த வரியைத் தன் போனிலிருந்து வாசித்துக் காட்டினான். பிறகு நடந்ததை என் கன்னத்தைப் பார்த்தே நீ தெரிந்துகொண்டாய்.

கேண்டீனில் உன் போனை என் பக்கம் தள்ளினாய். "இனிமே இதுல பேசு. உன் போன்ல எப்பவும்போல கோலம், சமையல்னு பாத்துக்கிட்டே இரு. திடீர்னு எல்லாத்தையும் அழிச்சா சந்தேகம் வந்துரும்." பெண்களுக்கு உதவும் மேடம் ஒருவருக்கு நான் மெசேஜ் எழுதி முடிக்கும்வரை, நீ முதுகைத் திருப்பிக்கொண்டு புளிசோறு தின்பாய். ஊர்வம்பு அத்தனையும் தெரிந்து வைத்திருப்பவள், என் விஷயத்தில் ஒரு வரிகூட எட்டிப் பார்த்ததில்லை. போனைத் திரும்ப வாங்கும்போது ஒரே கேள்விதான் கேட்பாய்: "அழிச்சிட்டியா?"

வீட்டைவிட்டு வந்த அன்று, என் போனைக் கம்பெனி லாக்கரிலேயே விட்டுவிடச் சொன்னாய். மேப்பில் பார்த்து, நான் வேலையில் இருப்பதாக அவன் நம்பிக்கொண்டிருந்தான். நாம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தோம். நாம் சேர்ந்து எடுத்த படங்களையெல்லாம் அங்கேயே அழித்தாய். "என்னை வச்சு உன்னைத் தேடிப் புடிச்சிருவான்டி." ஒரே ஒரு படத்தை மட்டும், அதில் என்னை வெட்டிவிட்டு, வைத்துக்கொண்டாய். அப்போது நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

போன மாசம் காய்ச்சல் என்று படுத்தவள் அப்படியே போய்விட்டாய். தேன்கனிக்கோட்டையில் உன் வீட்டுக்கு நான் வருவேன் என்று அவன் காத்திருப்பான். அதற்குப் பயந்து உன் சாவுக்குக்கூட வரவில்லை. உன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

பழைய கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் உனக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். நீ என்னை வெட்டிய அதே படம். உன் தோள்மேல் நாலு விரல்கள் மட்டும் மிச்சம் இருந்தன. அவை யாருடையவை என்று யாருக்கும் தெரியாது. பஸ் திரும்பும்வரை அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று மதியம், லைனுக்குப் புதிதாக வந்திருக்கும் கல்லாவி ஊர்ப் பெண் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, உங்க போனு கொஞ்சம் தரீங்களா? என்னோடதுல வேணாம்" என்றாள். ஒன்றும் கேட்காமல் கொடுத்தேன். முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, பின்னாலிருந்து என் தோளில் அவள் கை பட்டது. அந்த விரல்களின் மேல் என் கையை வைத்துக்கொண்டு, திரும்பாமலே கேட்டேன்.

"அழிச்சிட்டியா?"